வயிற்றில் பை போட்டு வந்தவர்கள் பழக வேண்டிய வேலை

குடலில் ஒப்பரேஷன் முடிந்து, வயிற்றில் பையுடன் வீட்டுக்கு வருபவர்கள் முதலில் செய்வது சாப்பாட்டைக் குறைப்பதுதான். பை நிறையாமல் இருக்குமாம்! இது பிழை. உடம்புதான் மெலியும், காற்று கூடும். சாப்பிடுங்கள். பையைக் கையாளப் பழகுவதே வழி.

புற்றுநோய், குடல் அடைப்பு, காயம் போன்ற காரணங்களால் டொக்டர்மார் குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு வெளியே எடுத்துத் தைப்பார்கள். இதை ஸ்டோமா என்பார்கள். நாம் குடல்வாய் என்று சொல்வோம். பெருங்குடலில் வைத்தால் கொலொஸ்டமி, சிறுகுடலில் வைத்தால் இலியொஸ்டமி. உங்களுக்கு எது என்று வாட்டை விட்டு வருமுன் மிஸ்ஸியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குடல்வாய் சிவப்பாக, ஈரமாக இருக்கும், தொட்டால் நோகாது. துடைக்கும்போது கொஞ்சம் இரத்தம் கசிந்தால் பயம் வேண்டாம். நீலமாக அல்லது கறுப்பாக மாறினால் மட்டும் ஒரு நிமிஷமும் பார்த்திருக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியது சுற்றியுள்ள தோலைத்தான். மலம் தோலில் பட்டால் அது வெந்துவிடும், இலியொஸ்டமிக்காரருக்கு இன்னும் கெதியாக. தோல் புண்ணானால் பை ஒட்டாது, ஒட்டாவிட்டால் திரும்பவும் கசியும். ஆகவே தகட்டின் ஓட்டையை அளந்து வெட்டுங்கள். குடல்வாயை விட 2 அல்லது 3 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். ஒப்பரேஷன் வீக்கம் வற்ற 6 முதல் 8 கிழமை ஆகும். அதுவரை ஒவ்வொரு முறையும் புதிதாக அளக்க வேண்டும். முதல் நாள் வெட்டிய அளவையே வைத்துக்கொண்டிருந்தால் இடைவெளியில் தோல் வேகும்.

பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கீழ்வாயைத் திறந்து வெளியேற்றுங்கள். பாரம் கூடினால் தகடு கழன்றுவிடும். காற்று நிறைந்தாலும் அப்படியே திறந்துவிடுங்கள், ஊசியால் குத்த வேண்டாம். தகட்டை மாற்ற விடியற்காலை, தேத்தண்ணி குடிக்குமுன் நல்லது, அப்போது குடல் அமைதியாக இருக்கும். பிய்த்து இழுக்காமல், ஒரு கையால் தோலை அமத்திக்கொண்டு மெல்லக் கழற்றுங்கள். வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் நன்றாக ஒற்றி எடுங்கள். டெற்றோல் வேண்டாம். தேங்காய் எண்ணெய் பூசினால் தகடு ஒட்டாது, பெரியவர்கள் சொன்னாலும் கேட்க வேண்டாம். புதுத் தகட்டை உள்ளங்கையில் சூடாக்கி ஒட்டி, சில நிமிஷம் கையால் அமத்தியிருங்கள். மிச்சத் தகடுகளை வெயில் படும் இடத்திலோ தகரக் கூரையின் கீழோ வைத்தால் பசை கெட்டுப்போகும். கழற்றியதைக் கக்கூசில் போட்டால் அடைத்துக்கொள்ளும், பேப்பரில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

இந்தப் பை பெரிய டொக்டர் யாரும் கண்டுபிடித்ததல்ல. 1954இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற நேர்ஸ், தன் சகோதரி தோரா கசிவுக்குப் பயந்து வெளியே போகாமல் இருந்ததைப் பார்த்து, ஒட்டி எறியக்கூடிய பையை யோசித்தார். அன்றிருந்த அதே வெட்கம்தான் நம் ஆட்களையும் கலியாண வீட்டுக்கும் கோயிலுக்கும் போகவிடாமல் வைக்கிறது. சரியாக ஒட்டிய பை மணக்காது, சட்டைக்கு மேலே தெரியாது. சாறத்தைக் குடல்வாய்க்கு மேலே இறுக்கிக் கட்டாதீர்கள், அவ்வளவுதான்.

இலியொஸ்டமிக்காரர் வெயிலில் வேலை செய்தால் தண்ணியோடு உப்பும் போய்விடும். இளநீரும் வெறும் தண்ணியும் மட்டும் போதாது, ஜீவனியைப் பைக்கற்றில் எழுதியுள்ள அளவுப்படி கரைத்துக் குடியுங்கள். பிரஷர், கிட்னி வருத்தம் உள்ளவர்கள் முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும். கச்சான், தேங்காய்ச் சொட்டு, முருங்கைக்காய்ச் சக்கை குடலை அடைக்கலாம். ஆரம்பக் கிழமைகளில் அவற்றை விட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று சாப்பிடலாம். பைக்குள் ஒன்றுமே வராமல் வயிறு முறுக்கி, சத்தியும் வந்தால் கை வைத்தியம் பார்க்க வேண்டாம். தேற்றாத்தீவுக்குக் கிட்ட இருப்பது களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலை, அங்கே போய்விடுங்கள்.

தேங்காய்க் கடகம் தூக்குவதும் மரம் ஏறுவதும் டொக்டர் விடும் வரை கூடாது. வயிற்றுச் சுவர் இளகி, குடல்வாய்க்குப் பக்கத்தில் புடைத்துவிடும். திரும்பி வந்ததும் பாரமான வேலைக்கு விடாமல் எண்ணுகிற, பிரிக்கிற வேலை தரும்படி கங்காணியிடம் கேட்கலாம், கேட்க வெட்கமாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

சிலருக்கு இந்தக் குடல்வாயைச் சில மாதங்களில் மூடிவிடுவார்கள், சிலருக்கு ஆயுளுக்கும் இருக்கும். உங்களுக்கு எது என்பதை அடுத்த கிளினிக்கில் நேராகக் கேளுங்கள், திகதியைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.