உல்லாசப் பிரயாணமும் உடல் நலிவும்

வாசகர் கேள்வி – நிபுணர் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைப் பற்றிய மூன்றைச் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றும் அமெரிக்காவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்தவை. தேக அசௌகரியம் உள்ளவர்களோடு பெரிய கேளிக்கைப் பூங்காக்களுக்குப் போய்வருவது எப்படி என்று கேட்பவை.

கேள்வி: அன்புள்ள ஐயா, எனக்கு வயது முப்பத்தெட்டு. சில ஆண்டுகளாக 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்னும் நரம்பு நோய் இருக்கிறது. வீட்டுக்குள் பிடிமானம் இல்லாமல் நடப்பேன். வெளியே கைத்தடி வேண்டும். கால்மணி நேரம் நடந்தால் கால் இழுக்கத் தொடங்கிவிடும். வெயிலில் நின்றால் பார்வையும் மங்குகிறது. ஒன்பது வயது மகனும் ஐந்து வயது மகளும் ஆர்லாண்டோவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகவேண்டும் என்று நெடுநாளாகக் கேட்கிறார்கள். சக்கர நாற்காலி எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். நடக்கக்கூடியவள் அதில் உட்கார்ந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூசுகிறது. அவர்களை மட்டும் அனுப்பிவிட்டு நான் வீட்டில் இருந்துவிடலாமா?
— ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் நரம்பு மருத்துவர் பிரயாணத்துக்குத் தடை சொல்லாத வரையில் நீங்கள் வீட்டில் தங்கிவிட வேண்டிய அவசியமில்லை, தங்கிவிடுவது உசிதமும் அன்று. ஆனால், போவது என்று நிச்சயித்த பிறகு, பூங்காவின் வரைபடத்தை முன்னால் விரித்துக்கொண்டு அதற்குள் உங்கள் தேகத்தைத் திணிக்கப் பார்க்காமல், உங்கள் தேகத்துக்கு ஒரு நாளில் உள்ள சக்தி எவ்வளவு என்பதை முதலில் நிர்ணயம் செய்து, அந்த அளவுக்குள் பூங்காவில் எது அடங்குமோ அதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே இனி நான் சொல்லப்போகும் யாவற்றுக்கும் ஆதாரம்.

முதலாவது, காலம். இப்படிப் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890-ஆம் ஆண்டிலேயே ஊதோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் கவனித்து வர்ணித்திருக்கிறார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. நரம்பிழையின் மேலுறை சிதைந்த இடத்தில், தேகத்தின் உஷ்ணம் சிறிதளவு ஏறினாலும் நரம்பின் செய்தி கடந்து செல்வது தடைப்படுகிறது. உடல் குளிர்ந்ததும் பெரும்பாலும் பழைய நிலை திரும்பிவிடுகிறது. இது நோய் முற்றியதன் அறிகுறி அல்ல என்றாலும், ஜூன் முதல் செப்டம்பர் வரை 32, 33 டிகிரி செல்சியஸ் வெப்பமும் அதனோடு மிகுந்த ஈரப்புழுக்கமும் பிற்பகல்தோறும் இடிமழையும் உள்ள மத்திய புளோரிடாவுக்கு, பள்ளி விடுமுறை என்ற ஒரே காரணத்துக்காகக் கோடையில் போவது உங்களுக்குத் தகாது. ஜனவரி பிற்பகுதியோ பிப்ரவரி முதல் வாரமோ ஏற்ற காலம். அந்த இரு மாதங்களிலும் மூன்றாவது திங்கட்கிழமையை ஒட்டி வரும் அரசாங்க விடுமுறை நாட்களில் மட்டும் ஜனக்கூட்டம் பெருகும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தைகளுக்குச் சில நாள் விடுப்புக் கேட்பதில் குற்றம் ஒன்றுமில்லை. குளிர்காலத்திலும் சில நாள் வெயில் ஏறுமாதலால், பனிக்கட்டிப் பைகளைச் செருகிக்கொள்ளும் மேற்சட்டை ஒன்றை உடன் கொண்டுபோவது நலம். பானம் ஊற்றித் தரும் சிற்றுண்டிச் சாலைகளில் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருகிறார்கள். கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவது, நாற்காலி. சக்கர நாற்காலி நடக்கவே இயலாதவர்களுக்கு மட்டும் உரியது என்ற எண்ணத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும். நான்கு பூங்காக்களும் இரண்டு நீர்ப் பூங்காக்களும் பல விடுதிகளும் அடங்கிய அந்த விசாலமான ஸ்தலத்தில், ஒரு நாளில் பல மைல் நடப்பது என்பது சுகதேகிகளுக்கே சிரமம். உங்கள் கால்களில் இருக்கும் சக்தியை வாசலிலிருந்து அடுத்த வாசலுக்குப் போவதில் செலவிட்டுவிட்டு, மகள் கைபிடித்து இழுக்கும்போது எழுந்திருக்க முடியாமல் போவதைக் காட்டிலும், தூரத்தை நாற்காலியில் கடந்து, வேண்டிய இடத்தில் எழுந்து நடப்பதே விவேகம். பார்ப்பவர்களைப் பற்றிக் கூசுகிறீர்கள். 1990-ஆம் ஆண்டு மார்ச் மாதம், அங்கஹீனமுற்றோரின் உரிமைகளைக் காக்கும் மசோதா தாமதப்பட்டபோது, பலர் தங்கள் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டு, வாஷிங்டன் பாராளுமன்றக் கட்டிடத்தின் படிகளில் ஊர்ந்தே ஏறினார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அவ்வாண்டு ஜூலை 26-ஆம் தேதி அந்தச் சட்டம் கையெழுத்தாயிற்று. நீங்கள் உருண்டு செல்லப்போகும் ஒவ்வொரு சரிவுப் பாதைக்கும் பின்னால் அத்தகையவர்களின் பிரயாசை இருக்கிறது. அது ஒருவர் உங்களுக்கு இடும் தர்மம் அன்று. சட்டம் அளித்த உரிமை.

நாற்காலிகளும் மின்சார வண்டிகளும் பூங்கா வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அவை அந்தப் பூங்காவைவிட்டு வெளியே வரக் கூடாதவை. விடுதி அறையிலிருந்து பஸ் நிறுத்தமும், அங்கிருந்து வாசலும் உங்களுக்கு அதே தூரந்தானே? ஆகவே, விடுதிக்கே கொண்டுவந்து கொடுக்கும் வெளி நிலையங்களில் முழுப் பயணத்துக்குமாக எடுத்துக்கொள்வது மேல். சொந்தக் காரில், அந்த நான்கில் ஒன்றான மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போகிறவர்கள் காரை நிறுத்திய பிறகு மோனோரயிலோ படகோ ஏறி ஏரியைக் கடக்க வேண்டியிருக்கும். விடுதி பஸ்களோ வாசலருகே கொண்டுபோய் விடுகின்றன, நாற்காலியை அப்படியே ஏற்றிக் கட்டிக்கொள்ளும் வசதியும் அவற்றில் உண்டு. 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' படகிலும், அனிமல் கிங்டம் பூங்காவின் 'கிளிமஞ்சாரோ சஃபாரி' வண்டியிலும் நாற்காலியிலிருந்து இறங்காமலே ஏறலாம். 'பீட்டர் பான்ஸ் ஃப்ளைட்' போன்ற சிலவற்றிலோ, நகர்ந்துகொண்டே இருக்கும் பட்டையின்மேல் காலூன்றி நடந்து ஏற வேண்டும். அது உங்களுக்காக நிற்காது. நிலை தடுமாறும் நாளில் அதை விட்டுவிடுவதே உசிதம்.

மூன்றாவது, வரிசை. வரிசையில் நில்லாமல் குறித்த நேரத்துக்கு வந்து சேரும் விசேஷ ஏற்பாடு ஒன்று அங்கே உண்டு. ஆனால் 2024 மே மாதம் முதல் அது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் கோளாறுகளால் காத்திருக்க இயலாதவர்களுக்கென்றே பெரும்பாலும் ஒதுக்கப்பட்டிருப்பதால், அதை நம்பி நீங்கள் திட்டமிட வேண்டாம். பெரும்பாலான வரிசைகளில் நாற்காலியோடு செல்லலாம். காத்திருத்தல் குறைய வேண்டுமானால் 'லைட்னிங் லேன்' என்னும் கட்டண அனுமதியை, டிஸ்னி விடுதிகளில் தங்குகிறவர்கள் ஏழு நாள் முன்பும் மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் வாங்கிக்கொள்ளலாம். மகளின் உயரம் போதாத ராட்டினங்களில், ஒரு பெற்றோர் அவளோடு வெளியே இருக்க, மற்றவர் மகனோடு ஏறி வந்தபின், இவர் மறுபடி முழு வரிசை நில்லாமல் ஏறும் முறையும் உண்டு. உங்கள் நோயில் சிறுநீர் அவசரமும் சகஜம். அப்படி இருக்குமானால், இடையில் வெளியேறித் திரும்ப நேரிடலாம் என்று வரிசையின் முகப்பில் உள்ள ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு நேரும் இடரைச் சொன்னால் போதும்.

நாள் ஒழுங்கைப் பற்றி ஒரு வார்த்தை. காலையில் வாசல் திறக்கும் வேளைக்குப் போய், பதினொன்றரை மணிக்குள் முக்கியமானவற்றை முடித்து, 'கரோசல் ஆஃப் ப்ராக்ரெஸ்' போலக் குளிர்சாதன அரங்கில் உட்கார்ந்தபடியே காணும் காட்சியொன்றில் இளைப்பாறி, பகலுணவுக்கு விடுதி திரும்பிப் படுத்துவிடுங்கள். மாலையில் சக்தி இருந்தால் மறுபடி போகலாம். இல்லையென்றால் கணவர் குழந்தைகளை அழைத்துப் போகட்டும். ஒரு நாள் பூங்கா, மறு நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓய்வு நாளை முன்கூட்டியே குழந்தைகளிடம் அறிவித்துவிட்டால், அதுவும் திட்டத்தின் ஒரு பகுதியாகிவிடும். அம்மாவால் கெட்டுப்போன நாள் என்று அவர்கள் மனத்தில் பதியாது.

கேள்வி: என் பதினொரு வயது மகனுக்கு முதல் வகை நீரிழிவு. இன்சுலின் பம்பு அணிந்திருக்கிறான். அட்லாண்டாவிலிருந்து காரிலேயே ஆர்லாண்டோ போக உத்தேசம். மருந்தும் உணவும் குறித்து எவற்றில் கவனமாக இருக்க வேண்டும்?
— ஒரு தந்தை, ஜார்ஜியா

பதில்: நீங்கள் முதலில் அஞ்சவேண்டியது பூங்காவை அல்ல, நிறுத்திவைத்த காரை. பெரும்பாலான இன்சுலின் வகைகள், உபயோகிக்கத் தொடங்கியபின், 30 டிகிரி செல்சியஸுக்கு உட்பட்ட உஷ்ணத்தில் 28 நாள் வரை வீரியம் குன்றாமல் இருக்கும். வெயிலில் மூடிக் கிடக்கும் கார் சிறிது நேரத்திலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகையால் வழியில் சாப்பிட இறங்கினாலும் மருந்துப் பையும் உங்களோடு இறங்க வேண்டும். மருந்து பனிக்கட்டியோடு நேரே ஒட்டி உறைந்துபோனாலும் கெட்டுவிடும் என்பதையும் மறவாதீர்கள். பூங்கா ஒவ்வொன்றிலும் செவிலியர் உள்ள முதலுதவி நிலையம் இருக்கிறது. அங்கே மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்ளவும், சற்றுநேரம் படுக்கவும் இடம் தருகிறார்கள்.

வெளியிலிருந்து உணவு கொண்டுபோக அங்கே தடையில்லை. கண்ணாடிப் பாத்திரமும், சூடாக்கித் தரவேண்டிய பண்டமும், உதிரிப் பனிக்கட்டியும் ஆகா. எனவே புளியோதரையோ, பொடி தடவிய இட்டலியோ வீட்டில் அளந்து கட்டிக்கொண்டு போனால், எவ்வளவு மாவுச்சத்து என்று ஊகிக்க வேண்டிய சிரமம் மிச்சமாகும். நாள் முழுவதும் நடப்பதால் சர்க்கரை இறங்குவது இயல்பு. அது நடந்த வேளையில் மட்டுமின்றிப் பல மணி நேரம் கழித்து, உறக்கத்திலும் இறங்கக்கூடும் என்பதால், படுக்குமுன் ஒரு முறையும் நடு இரவில் ஒரு முறையும் சோதித்துப் பாருங்கள். குளுக்கோஸ் மாத்திரைகள் ஒரே பையில் இராமல், மகனிடமும் பெற்றோர் இருவரிடமும் தனித்தனியே இருக்க வேண்டும். இறங்கிவிட்டால் 15 கிராம் சர்க்கரை கொடுத்து, 15 நிமிஷம் பொறுத்து, மறுபடி சோதிக்கும் வழக்கத்தை வரிசையில் இருந்தாலும் கைவிடாதீர்கள், ராட்டினம் காத்திருக்கும்.

வேகமான ராட்டினங்களில் சில, வலிமையான காந்தங்களால் இயங்குவனவும் நிறுத்தப்படுவனவும் ஆகும். பம்பைக் கழற்றிவிட்டு ஏற வேண்டுமா என்பதை அதன் கையேட்டிலும் தயாரிப்பாளரிடமும் புறப்படுமுன்பே கேட்டறியுங்கள். கழற்றினால் இறங்கியவுடன் மாட்டிவிட வேண்டும். பம்பு அணிபவன் தேகத்தில் நீடித்து வேலை செய்யும் இன்சுலின் வேறு இல்லையாதலால், சில மணி நேரத்திலேயே நிலைமை விபரீதமாகலாம். பம்பு பழுதானால் உதவ ஊசியும் மாற்று இன்சுலினும் உடனிருக்கட்டும்.

கேள்வி: ஏழு வயது மகனுக்கு ஆட்டிசம். இரைச்சலும் கூட்டமும் அவனுக்கு ஆகா. வரிசையில் ஐந்து நிமிஷம் நிற்கமாட்டான். ஆர்லாண்டோ அழைத்துப் போகலாமா?
— ஒரு தாய், டாலஸ்

பதில்: போகலாம், ஆனால் அதை முதல் பயணமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உங்கள் மாகாணத்திலேயே, சான் அன்டோனியோ நகரில், 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' என்ற பூங்கா இருக்கிறது. கார்டன் ஹார்ட்மன் என்பவர் தம் மகளை மனத்திற்கொண்டு நிறுவி 2010-இல் திறந்த அந்தப் பூங்காவில், குறைபாடு உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. ராட்டினமும் ஊஞ்சலும் நாற்காலியோடு ஏறும்படி அமைந்தவை. அங்கே ஒரு நாள் கழித்தால், மகனுக்கு எது பிடிக்கிறது, எந்த ஓசை தாங்கவில்லை, எத்தனை மணிக்கு அவன் களைக்கிறான் என்ற விவரமெல்லாம் உங்களுக்குத் தெரிந்துவிடும். திறந்திருக்கும் நாட்களை விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

பிறகு ஆர்லாண்டோ போகும்போது, மேலே நான் சொன்ன விசேஷ ஏற்பாடு உங்கள் மகனைப் போன்றவர்களுக்காகவே உள்ளது. புறப்படுமுன்பே வீடியோ அழைப்பில் பேசி விண்ணப்பிக்க வேண்டும். அப்போது, அவன் சாதாரண வரிசையில் நின்றால் என்ன நேர்கிறது என்பதை நடந்தது நடந்தபடி சொல்லுங்கள்: காதைப் பொத்திக்கொள்வது, கீழே விழுவது, கையை உதறிக்கொண்டு ஓடுவது எல்லாவற்றையும். குழந்தையைக் குறைத்துப் பேசுகிறோமே என்று தாய்மனம் மறைக்கப் பார்க்கும். மறைத்தால் நஷ்டம் அவனுக்கே. அனுமதி கிடைத்தால், காத்திருக்கும் நேரம் குறையாது. அந்நேரத்தை வரிசைக்கு வெளியே, நிழலில், அவனுக்குப் பிடித்த இடத்தில் கழிக்கலாம் என்பதே அனுகூலம். வீட்டிலேயே ராட்டினங்களின் வீடியோக்களை அவனுக்குப் பலமுறை காட்டிப் பழக்குங்கள். ஓசையை மட்டுப்படுத்தும் காதுறையையும் அங்கே போய் முதன்முதலாக மாட்டாமல், இப்போதே பழக்கிவிடுங்கள்.

இனி, எல்லா வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இத்தகைய இடங்களில், சக்கர நாற்காலியில் வந்த ஒருவர் எழுந்து இரண்டு அடி நடந்தாலோ, பார்வைக்கு ஆரோக்கியமாகத் தோன்றும் ஒரு சிறுவன் வேறு வழியாக அழைத்துச் செல்லப்பட்டாலோ, அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று எண்ணி முறைத்துப் பார்க்காதீர்கள். நோய்களில் பெரும்பாலானவை வெளியே தெரியாதவை. உங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒருவர் இருந்தால், அவரை விட்டுவிட்டுப் போகத் திட்டமிடாதீர்கள்; அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எந்த மாதம் போகலாம் என்பதிலிருந்தே அவருடைய யோசனையைக் கேளுங்கள்.