பங்கு என்னும் சொல்

நுழையும் முன்

நாம் வாழும் நகரங்களில் கோயில், பள்ளிவாசல், குருத்வாரா, தேவாலயம் எனப் பல வழிபாட்டிடங்களைக் காண்கிறோம். தமிழகத்திற்கு வெளியே அவற்றுள் சில, வாரத்தில் ஒரு மணி நேரமேனும் தமிழ் ஒலிக்கும் இடங்களாகவும் விளங்குகின்றன. வட இந்திய நகரொன்றின் கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிறுதோறும் கூடும் தமிழர்களைப் பற்றியது இப்பாடம். அவர்களுடைய வழிபாட்டின் அமைப்பையும் கூட்டு வாழ்வையும் அறிவோம்; ஓர் எழுத்தைப் பிழையின்றி ஒலிப்பது ஏன் தேவை என்பதையும் உணர்வோம்.

1. சொல்லின் பொருள்

மாணவர்களே! ‘பங்கு’ என்னும் சொல்லை நீங்கள் அறிவீர்கள். ‘சொத்தில் பங்கு’, ‘விழாவில் பங்கு கொண்டான்’ என்றெல்லாம் வழங்குகிறோம். பகுத்துத் தரப்படும் கூறு என்பது இதன் பொருள். தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கில் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. ஒரு கோவிலையும் அதனைச் சார்ந்து வாழும் குடும்பங்கள் அனைத்தையும் சேர்த்துப் ‘பங்கு’ என்பர். அதற்குப் பொறுப்பான குரு பங்குத்தந்தை. அக்குடும்பத்தினர் பங்கு மக்கள். அவர்களின் சார்பில் கூடிக் கலந்து பேசும் அவை பங்குப்பேரவை. பல பங்குகள் சேர்ந்தது மறைமாவட்டம். அதன் தலைவர் ஆயர்.

‘நீங்கள் எந்தப் பங்கு?’ என்று ஒருவர் கேட்டால், எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் என்று வினவுகிறார் எனக் கொள்ள வேண்டும். ஒரே சொல்லுக்கு அமைந்த இவ்விரு பொருள்களும் தொடர்பற்றவை அல்ல என்பதைப் பாடத்தின் இறுதியில் நீங்களே கூறுவீர்கள்.

2. ஞாயிறு காலை

நான் இந்நகருக்கு மாற்றலாகி வந்த முதல் ஆண்டு அது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, வரும் ஞாயிறு எங்கள் கோவிலில் நான் தமிழில் வாசிக்கப் போகிறேன். நீங்களும் வாருங்கள்” என்று அழைத்தாள். நான் கிறித்தவன் அல்லேன். ஆயினும், தன் மாணவி தமிழ் வாசிப்பதைக் கேட்க எந்த ஆசிரியருக்குத்தான் ஆவல் இராது?

டிசம்பர் மாதம். பத்து மணியாகியும் பனிமூட்டம் விலகவில்லை. இந்தி வழிபாடும் ஆங்கில வழிபாடும் முடிந்து, மூன்றாவதாகத் தமிழ் வழிபாடு தொடங்கவிருந்தது. அக்கடுங்குளிரிலும் வாசற்படியின் ஓரம் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. அதைக் கண்டதுமே, உள்ளே இருப்பவர்கள் நம்மவர்கள் என்று அறிந்துகொண்டேன். கட்டடத் தொழிலாளர், செவிலியர், படைவீரர், அலுவலர், இட்டலிக்கடை நடத்துவோர் எனப் பலரும் அங்கே இருந்தனர். தூத்துக்குடிப் பேச்சும் விழுப்புரப் பேச்சும் குமரிப் பேச்சும் ஒருங்கே காதில் விழுந்தன. பங்குத்தந்தை தமிழர் அல்லர். ஆதலால், நகரின் மறுகோடியிலிருந்து தமிழறிந்த குரு ஒருவர் வாரந்தோறும் வந்து வழிபாட்டை நடத்துகிறார்.

இவ்வழிபாட்டிற்குத் திருப்பலி என்று பெயர். பேச்சு வழக்கில் பூசை என்பர். இது இரு பெரும் பகுதிகளை உடையது. முதற்பகுதி இறைவார்த்தை வழிபாடு. இதில் முதல் வாசகம், பதிலுரைப் பாடல், இரண்டாம் வாசகம், நற்செய்தி என்னும் நான்கும் முறையே இடம்பெறும். நற்செய்தியைக் குரு வாசிக்க, அனைவரும் எழுந்து நின்று கேட்பர். பின்னர் அவர் ஆற்றும் உரை மறையுரை எனப்படும். அடுத்து, நம்பிக்கை அறிக்கையும் பொது மன்றாட்டுகளும் நிகழும். இரண்டாம் பகுதி நற்கருணை வழிபாடு. அப்பமும் இரசமும் காணிக்கையாக ஏந்திவரப்படும். இயேசு தம் சீடரோடு உண்ட இறுதி இராவுணவை நினைவுகூர்ந்து, குரு மன்றாடி, அப்பத்தை மக்களுக்குப் பகிர்ந்தளிப்பார். நற்கருணையில் இயேசுவே எழுந்தருளியிருக்கிறார் என்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை.

குருவின் மேலாடை காலத்திற்கேற்ப நிறம் மாறும். கிறிஸ்து பிறப்பு விழாவிற்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்திலும், உயிர்ப்பு விழாவிற்கு முன்வரும் தவக்காலத்திலும் ஊதா, பெருவிழாக்களில் வெள்ளை, ஆண்டின் பெரும்பகுதியாகிய பொதுக்காலத்தில் பச்சை, மறைச்சாட்சிகளின் நாளில் சிவப்பு. நான் சென்ற நாளில் குரு ஊதா அணிந்திருந்தார். அது திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு.

3. தமிழ் பீடமேறிய வரலாறு

இவ்வழிபாடு எக்காலத்தும் தமிழில் நிகழ்ந்ததன்று. 1960களின் நடுப்பகுதி வரை தமிழ்நாட்டிலும் திருப்பலி இலத்தீன் மொழியிலேயே நடைபெற்றது. மக்கள் செபமாலையையும் பாடல்களையும் தமிழில் சொன்னாலும், பீடத்தில் குரு சொன்னது அவர்களுக்கு விளங்காத மொழி. 1962 முதல் 1965 வரை உரோமையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடியது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் அது வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, அந்தந்த மக்களின் மொழியில் வழிபட வாயில் திறந்தது. உங்களுள் சிலருடைய தாத்தா பாட்டியர் இவ்விரு காலங்களையும் கண்டவர்களாக இருக்கக்கூடும்.

ஆனால், தமிழுக்கும் திருச்சபைக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழையது. இந்திய எழுத்துருவில் அச்சாகி இன்று நமக்குக் கிடைக்கும் நூல்களுள் காலத்தால் முந்தியது ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் தமிழ்நூல். பதினாறு பக்கங்களே கொண்ட அது, 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாயிற்று. அதனை ஆக்கியவர், முத்துக்குளித்துறையில் பணியாற்றிய போர்ச்சுகீசியக் குரு அண்ட்ரிக் அடிகளார். கொல்லம் இன்று கேரளத்தில் உள்ளது. தமிழ் அச்சின் தொடக்கமே இன்றைய தமிழ்நாட்டிற்கு வெளியேதான் நிகழ்ந்திருக்கிறது!

குடிபெயர்ந்த தமிழர் தம் வழிபாட்டையும் உடன்கொண்டு சென்றதற்குப் பெங்களூரு சிவாஜிநகர்ப் புனித மரியன்னைப் பேராலயம் ஒரு சான்று. செஞ்சிப் பகுதியிலிருந்து சென்று குடியேறிய கிறித்தவர் எழுப்பிய கூரைக் கோவிலே அதன் தொடக்கம் என்பர். இன்றுள்ள கோபுரத்தோடு கூடிய கோவில் 1882இல் அர்ச்சிக்கப்பட்டது. அங்கே தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் இன்றும் திருப்பலி நடைபெறுகிறது.

4. வழியும் வலியும்

மீண்டும் அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கு வருவோம். என் மாணவி வாசக மேடையில் ஏறினாள். பாலைநிலத்தில் ஆண்டவருக்காக வழியை ஆயத்தம் செய்யுமாறு இறைவாக்கினர் எசாயா அழைக்கும் பகுதி அன்றைய முதல் வாசகம். அவள் கையில் ஒரு தாள் இருந்தது. தமிழ் எழுத்து அவளுக்கு இன்னும் சரளமாக வராததால், அவளுடைய தந்தை அப்பகுதியை இந்தி எழுத்தில் எழுதித் தந்திருந்தார்.

இந்தி நெடுங்கணக்கில் ழகரத்திற்கு எழுத்து இல்லை; எகர ஒகரக் குறில்களுக்கும் இல்லை. ஆகவே, ‘வழி’ என்னும் சொல் வந்தபோதெல்லாம் அவள் ‘வலி’ என்று வாசித்தாள். ‘எழு’ என்பது ‘ஏலு’ ஆயிற்று. சிலர் குனிந்து புன்னகைத்தனர். அவள் காதோரம் சிவந்தது. ஆயினும் இறுதிவரை வாசித்து முடித்தாள்.

வழிபாடு முடிந்ததும், அவள் எவரையும் பாராமல் வெளியேற முயன்றாள். முதல் வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் அவள் கையைப் பற்றினார். அவர் குமரிக் கடற்கரையிலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருப்பவர்.

“நல்லா வாசிச்ச மக்களே! ஆனா, ஆண்டவருக்கு வலியை ஆயத்தம் பண்ணச் சொல்லிட்டியே!”

அவள் கண் கலங்கியது. “இனி நான் வாசிக்க மாட்டேன் பாட்டி” என்றாள்.

“ஏன் மக்களே? வீட்டுல எல்லாரும் வேலைக்குப் போயிருவாவ. பக்கத்து வீட்டுக்காரி பேசுறது எனக்குப் புரியாது. வாரத்துல இந்த ஒரு மணிக்கூறுதான் எனக்கு எல்லாம் புரியும். நீயும் வாசிக்கலேன்னா, இங்க வேற யாரு வாசிப்பா?”

குமரி மாவட்டத்தில் ஒரே குழந்தையையும் ‘மக்களே’ என்றே அன்பொழுக அழைப்பர்.

மூதாட்டியின் வினா வெறும் ஆறுதல் மொழி அன்று. அடுத்த மாதம் கூடிய பங்குப்பேரவையில் அதே வினா எழுந்தது. தமிழ் வாசிக்கும் இளையோர் மூவர்கூட இல்லை; வருவோரும் குறைந்து வருகின்றனர்; மாதம் ஒருமுறை தமிழ்த் திருப்பலி போதாதா என்று சிலர் கேட்டனர். அதில் தவறு காண இயலாது. ஒரே கோவிலில் மூன்று மொழியினர்க்கு நேரம் ஒதுக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் குருவின் உழைப்பையும் எண்ண வேண்டும். நெடுநேரம் பேசி, ஓராண்டு பார்ப்போம் என்று முடிவு செய்தனர். அவ்வோராண்டுக்குள் பிள்ளைகள் வாசிக்கக் கற்க வேண்டும் என்பது உடன்பாடு.

5. கோவிலுக்கு வெளியே

பங்கின் வாழ்வு ஞாயிற்றுக்கிழமையோடு முடிவதில்லை. அருகருகே வாழும் இருபது முப்பது குடும்பங்கள் சேர்ந்த குழுவிற்கு ‘அன்பியம்’ என்று பெயர். இவர்கள் முறைவைத்து ஒவ்வொருவர் இல்லத்திலும் கூடுவர், விவிலியம் வாசிப்பர், பின்பு, யார் வீட்டில் நோய், எவருக்கு வேலை இல்லை, யாருடைய பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை என்று உசாவுவர். வறியோர்க்கு உதவ வின்சென்ட் தே பவுல் சபை உண்டு. 1833இல் பாரிசில் மாணவர் சிலர் ஏழைகளின் இல்லங்களைத் தேடிச் சென்றதில் தோன்றிய சபை இது.

சென்ற ஆண்டு, சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்த தமிழ் இளைஞர் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தனர். இந்தியில் படிவம் நிரப்பியவர் ஒருவர். குருதி கொடுத்தவர் இருவர். கஞ்சி கொண்டு சென்றவர் மற்றொருவர். ஊர்வரை உடன்சென்று விட்டு வந்தவர் இன்னொருவர். அவ்விளைஞர் கிறித்தவர் அல்லர். அதை யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்டு 29இல் வேளாங்கண்ணியில் கொடியேறும்போது இங்கும் சிறு கொடி ஏறும். செப்டம்பர் 8இல் ஆரோக்கிய அன்னையின் விழா. அன்று இந்தி பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் தமிழரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பர்.

6. எழுத்தும் பங்கும்

பேரவையின் முடிவுக்குப் பின், மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எண்மர் அரைமணி நேரம் தமிழ் வாசிக்கத் தொடங்கினர். என் உதவியைக் கேட்டனர், மகிழ்ச்சியோடு இசைந்தேன். இந்தி எழுத்தில் எழுதிய தாளைக் கொண்டுவரக் கூடாது என்பது முதல் விதி. ‘எடு’, ‘ஏடு’ என்னும் வேறுபாட்டை அவர்களுக்கு விளக்கியபோது வீரமாமுனிவரை நினைவூட்டினேன். பழங்காலத்தில் எகர ஒகரக் குறில்களின் மேல் புள்ளி இட்டனர். ஓலையில் புள்ளி விடுபடுவதுண்டு. இத்தாலியில் பிறந்து தமிழகம் வந்து தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் (1680–1747), நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்து அக்குழப்பத்தைப் போக்கினார். அயல்நாட்டிலிருந்து வந்தவர் நம் எழுத்தைக் கற்றுத் திருத்தியும் தந்தார் எனில், தமிழ் பேசும் இல்லத்தில் பிறந்த நம்மால் அதைக் கற்க இயலாதா?

ஓராண்டு முடிந்தது. எண்மருள் ஐவர் இன்று நூலைப் பார்த்தே வாசிக்கின்றனர். தமிழ்த் திருப்பலி வாரந்தோறும் தொடர்கிறது. எனினும், பேரவை ஒவ்வோர் ஆண்டும் அவ்வினாவை எழுப்பத்தான் செய்யும். அப்போதெல்லாம் விடை சொல்லப் பிள்ளைகள் வேண்டும்.

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி உடையவை. முதலாண்டு மத்தேயு நற்செய்தியும், இரண்டாமாண்டு மாற்குவும், மூன்றாமாண்டு லூக்காவும் முதன்மை பெறும். எனவே, எசாயாவின் அப்பகுதி மூன்றாண்டு கழித்து அதே ஞாயிற்றில் மீண்டும் வரும். அப்போது என் மாணவி பதினொன்றாம் வகுப்பில் இருப்பாள். “அந்த வாசகம் எனக்குத்தான் ஐயா. பாட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்” என்கிறாள். அது அவளுடைய பங்கு.

சொல்லும் பொருளும்

ஆயர் – மறைமாவட்டத் தலைவர்
மறையுரை – நற்செய்திக்குப்பின் குரு ஆற்றும் விளக்கவுரை
இரசம் – திராட்சை இரசம்
அர்ச்சித்தல் – வழிபாட்டிற்கெனப் புனிதப்படுத்துதல்
மறைச்சாட்சி – நம்பிக்கைக்காக உயிர் ஈந்தவர்
நெடுங்கணக்கு – எழுத்து வரிசை
உசாவுதல் – கேட்டறிதல்
சாரம் – கட்டட வேலைக்குக் கட்டும் மரக்கட்டு

பயிற்சி

அ. உரக்க வாசித்துப் பொருள் வேறுபாடு எழுதுக.
1. வலி – வளி – வழி
2. கொடு – கோடு
3. அலை – அளை – அழை
4. எடு – ஏடு

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. திருப்பலியின் இரு பெரும் பகுதிகள் யாவை?
2. ‘தம்பிரான் வணக்கம்’ எங்கு, எந்த ஆண்டு அச்சாயிற்று?
3. அன்பியம் என்றால் என்ன?
4. மாணவி ‘வழி’யை ‘வலி’ என வாசித்ததன் காரணம் யாது?

இ. விரிவாக விடை எழுதுக.
1. தமிழ்த் திருப்பலியை மாதம் ஒருமுறை ஆக்கலாம் என்றோர் கூறிய காரணங்களையும் மூதாட்டியின் நிலையையும் ஒப்பிட்டு, நீங்கள் பேரவை உறுப்பினராயின் என்ன சொல்வீர்கள் என எழுதுக.
2. ‘பங்கு’ என்னும் சொல்லின் இரு பொருள்களும் இப்பாடத்தில் எவ்வாறு இணைகின்றன?

ஈ. செயல்பாடு
உங்கள் குடும்பத்தினர் எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், அவர்கள் வழிபாட்டில் கேட்கும் தமிழ்ச் சொற்கள் பத்தினைப் பெரியோரிடம் கேட்டு எழுதுக. அவற்றைத் தமிழ் எழுத்தில் பார்த்து அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டுக. அவர்கள் திருத்திய ஒலிகளைக் குறித்து வந்து வகுப்பில் பகிர்க.