ஏஜென்சி அனுப்பிய ஆட்களுக்கு பி.எஃப். பாக்கி: கட்ட வேண்டியவர் யார்?

கேள்வி: திருவனந்தபுரத்தில் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அருகே லாட்ஜ் நடத்துகிறேன். நேரடி ஊழியர்கள் 9 பேர். அறை சுத்தம் செய்ய 8 பேரையும் காவலுக்கு 4 பேரையும் ஒரு ஏஜென்சி அனுப்புகிறது. அது பங்குதாரர் நிறுவனம். மாதாமாதம் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தே பில் தொகையைக் கொடுத்துவருகிறேன். சட்டப் பொறுப்பு முழுவதும் ஏஜென்சியுடையது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறோம். இப்போது 2022 முதல் 2024 வரையிலான பி.எஃப். பாக்கி பற்றி விசாரணைக்கு வரச்சொல்லி எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. நான் ஏன் கட்ட வேண்டும்?
— ஒரு வாசகர், தம்பானூர்

பதில்: ஒப்பந்தத்தில் உள்ள அந்த வாசகம் உங்களுக்கும் ஏஜென்சிக்கும் இடையில் செல்லும். பி.எஃப். அலுவலகத்தையோ அந்த 12 தொழிலாளர்களையோ அது கட்டுப்படுத்தாது. 1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தில் ஒப்பந்ததாரர் மூலம் வந்து வேலை செய்பவரும் ஊழியர்தான். அவருக்கான தொகையைக் கட்டும் பொறுப்பை பி.எஃப். திட்டத்தின் 30-ஆம் பத்தி முதன்மை முதலாளியிடம், அதாவது உங்களிடம், வைக்கிறது. கட்டியதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தின் 8ஏ பிரிவு வழி தருகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவரை ஊழியராகவே கொள்கிறது. 9 பேர்தானே, நமக்கு இந்தச் சட்டம் எதற்கு என்று நீங்கள் இருந்திருக்கலாம். 9-உம் 12-உம் சேர்ந்தால் 21. சட்டம் பொருந்த 20 பேர் போதும். நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: இந்தக் கணக்கு நிலைத்தால் உங்கள் நேரடி ஊழியர்கள் 9 பேரும் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். புதிய தொகுப்புச் சட்டத்தில் இ.எஸ்.ஐ.க்கு 10 பேரே போதும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் கட்ட வேண்டும்.

வேலையை வெளியாருக்கு ஒப்படைத்த பிறகும் சட்டம் ஏன் உங்களை விடுவதில்லை? ஹைதராபாத் ராயல் டாக்கீஸ் திரையரங்கின் கான்டீனும் சைக்கிள் ஸ்டாண்டும் வெளியார் கையில் இருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் திரையரங்கு உரிமையாளரே இ.எஸ்.ஐ. பொறுப்பாளி என்று 1978-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். அதே ஆண்டு கோழிக்கோட்டுக் கயிறு ஆலை ஒன்றின் வழக்கிலும் அவர் இதே திசையில்தான் சென்றார்: தொழிலாளியின் பிழைப்பு யார் கையில் இருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி, நடுவில் நிற்கும் ஒப்பந்ததாரர் அதை மறைக்க முடியாது. இது ஏட்டுத் தத்துவம் அல்ல. 2024 ஜூலை 13 அன்று உங்கள் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் கால்வாயைச் சுத்தம் செய்ய, ஒப்பந்ததாரர் மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. பொறுப்பு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் வாதாடின. மாநில அரசு அவருடைய தாய்க்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. இ.எஸ்.ஐ.யில் பதிவான ஒருவர் வேலையின்போது இறந்தால் அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு மாதந்தோறும் உதவித்தொகை உரிமையாகக் கிடைக்கும்; எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். இப்படிப்பட்ட உரிமை வேறு இருவர் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் கரைந்துபோகக் கூடாது என்பதுதான் சட்டத்தின் நோக்கம். அது நியாயம் என்றே நான் கருதுகிறேன்.

ஏஜென்சிக்குத் தனி பி.எஃப். கோட் எண் இருந்தால் அதையல்லவா பிடிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். வலுவான வாதம்தான். தனி எண் உள்ள ஒப்பந்ததாரரையே முதலாளியாகக் கொள்ள வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சில வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. காவலர்களை அனுப்புவது மட்டுமே எங்கள் வேலை, அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்ல என்ற பாந்தர் செக்யூரிட்டி நிறுவனத்தின் வாதத்தை 2020-இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. சம்பளம் கொடுப்பது அந்த நிறுவனம்தானே என்பது காரணம். ஆனால் எண் இருப்பது வேறு, உங்கள் லாட்ஜில் வேலை செய்த இந்த 12 பேரின் பெயரில் பணம் கட்டியிருப்பது வேறு. கட்டியிருந்தால் அதற்குமேல் உங்களிடம் கேட்க ஒன்றுமில்லை. கட்டாவிட்டால், 15,000 ரூபாய் சம்பளத்துக்கு இரு தரப்புப் பங்கும் சேர்த்து ஒருவருக்கு மாதம் 3,600 ரூபாய். அதன்மேல் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, தாமதத்துக்கான அபராதத் தொகை. தொழிலாளியின் பங்கை இத்தனை காலம் கழித்து அவர் கூலியில் பிடிக்கவும் முடியாது.

ஜி.எஸ்.டி. கட்டியதால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். அது பில்லின்மீதான வரி, பி.எஃப். கட்டியதற்குச் சாட்சி ஆகாது. மேலும், பங்குதாரர் நிறுவனம் ஒரு பதிவுபெற்ற வணிகருக்குக் காவலர்களை அனுப்பினால், 2019 ஜனவரி 1 முதல் அந்த வரியைச் சேவையைப் பெறுபவரே அரசுக்கு நேரடியாகக் கட்ட வேண்டும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர் என்றால், 4 காவலர்களுக்காக ஏஜென்சியிடம் கொடுத்த வரி உங்கள் பொறுப்பைத் தீர்க்காது. கணக்காளரிடம் உடனே காட்டுங்கள். இன்னொன்று: 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீத வரி, உள்ளீட்டு வரிச் சலுகை கிடையாது. ஆக, ஏஜென்சி பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. உங்களுக்கு வெறும் செலவு. பில் இல்லாத மலிவான ஆளைத் தேடும் ஆசை இங்கேதான் பிறக்கிறது. குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றையும் கூட்டினால் வரும் தொகைக்கும் கீழே ஒருவர் விலை சொன்னால், விடுபடுவது அந்தத் தொழிலாளியின் பணம்தான்.

நோட்டீஸைப் புறக்கணிக்காதீர்கள். குறிப்பிட்ட தேதியில் ஆஜராகி, ஏஜென்சியையும் விசாரணையில் சேர்த்து அதன் பதிவேடுகளை வரவழைக்கும்படி எழுத்தில் கேளுங்கள். இந்திய உணவுக் கழக வழக்கில், ஒப்பந்ததாரரை வரவழைத்து, பயன்பெற வேண்டிய தொழிலாளர்கள் யார் என்று கண்டறியாமல் தொகையை முடிவு செய்யக் கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வருகைப் பதிவேடு, பில்கள், வங்கிக் கணக்கு விவரம், தொழிலாளர்களின் யு.ஏ.என். எண்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஏஜென்சிக்கு இன்னும் தர வேண்டிய பில் ஏதும் இருந்தால், வழக்கறிஞர் வழியாக ஒரு நோட்டீஸ் அனுப்பி அந்தத் தொகையை நிறுத்தி வையுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள அந்தப் பொறுப்பு வாசகம் உங்களுக்குப் பயன்படப்போவது இந்த வசூலுக்குத்தான்.