பேசும் முன் நகல் எடுத்து வையுங்கள்

அலுவலகத்தில் தப்பு நடக்கிறது. எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. நாம் பேசலாமா என்று தவிப்பவர்கள் மார்கரெட் சேஸ் ஸ்மித்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 32 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். அதன் இரு அவைகளிலும் உறுப்பினரான முதல் பெண்.

மெயின் மாநிலத்துச் சிற்றூர்க்காரர். தொலைபேசி ஆபரேட்டர் வேலையும் பார்த்திருக்கிறார். கீழவை உறுப்பினரான கணவருக்குச் செயலாளராக இருந்து, 1940இல் அவர் இறந்ததும் இடைத்தேர்தலில் வென்றார். அனுதாப ஓட்டு என்று தள்ளிவிடாதீர்கள். 1948இல் மேலவையான செனட்டுக்கு வேட்பாளர் தேர்வு நடந்தபோது சொந்தக் கட்சியிலேயே மூன்று ஆண்கள் எதிர்த்து நின்றார்கள்; ஒருவர் பதவியிலிருந்த ஆளுநர். மூவரும் சேர்ந்து வாங்கியதைவிட இவர் வாங்கிய ஓட்டு அதிகம்.

1950 ஜூன் 1. செனட்டர் ஜோசப் மெக்கார்த்தி பலர்மீதும் கம்யூனிஸ்ட் முத்திரை குத்திக்கொண்டிருந்த நேரம். ஸ்மித்தும் அதே குடியரசுக் கட்சிதான். செனட்டுக்குப் போகும் குட்டி ரயிலில் எதிர்ப்பட்ட மெக்கார்த்தி, முகம் இறுக்கமாக இருக்கிறதே, பேசப் போகிறீர்களா என்று கேட்டார். ஆமாம், உங்களுக்குப் பிடிக்காது என்றார் ஸ்மித். உள்ளே போய், இப்படி முத்திரை குத்துவதைக் கண்டித்துப் பதினைந்து நிமிடம் பேசினார். மெக்கார்த்தியின் பெயரைச் சொல்லவே இல்லை.

துணிச்சலை எல்லாரும் பாராட்டுவார்கள். அதற்கு முந்தைய ஏற்பாடுகளைத்தான் நாம் கற்க வேண்டும். முதலில், மெக்கார்த்தியிடமே ஆதாரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் ஒன்றும் தேறவில்லை. பிறகு எழுத்தில் வடித்து, ஆறு செனட்டர்களின் ஒப்புதலைப் பெற்றார். அவர் பேசத் தொடங்கியதும் உதவியாளர் வில்லியம் லூயிஸ் பத்திரிகையாளர்களுக்கு நகல்களைக் கொடுத்தார். பேச்சைத் திரித்துச் சொல்ல இடமே இல்லை. நீங்களும் கோபம் வந்த அன்றே பேசாதீர்கள். கேளுங்கள், எழுதுங்கள், இரண்டு பேரையாவது உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விலை உண்டு. 1951இல் மெக்கார்த்தி அவரை முக்கியமான துணைக்குழுவிலிருந்து தூக்கினார். அந்த இடம் ரிச்சர்ட் நிக்சனுக்குப் போனது. ஸ்மித் புலம்பவில்லை, வேலையைப் பார்த்தார். 1955 முதல் 1968 வரை தொடர்ந்து 2,941 வாக்கெடுப்புகள், ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. குறை சொன்னவரின் வேலையில் குறை இருந்தால் பேச்சு அங்கேயே செத்துவிடும்.

அன்று அவர் பேசாதிருந்தால்? துணைக்குழு இடம் தப்பியிருக்கும். ஆனால் 1964இல் பெரிய கட்சியொன்றின் மாநாட்டில் அதிபர் வேட்பாளராக முன்மொழியப்பட்ட முதல் பெண் அவராக இருந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். உங்கள் விஷயத்திலும் இப்படி ஒரு மாற்று வரலாறு எழுதிப் பாருங்கள். பேசினால் போவது ஒரு பக்கம், பேசாவிட்டால் போவது மறுபக்கம். பெரும்பாலோர் முதல் பக்கத்தோடு பேனாவை மூடிவிடுகிறார்கள்.

எத்தனை நாள் தாங்க முடியும் என்பதையும் அதே தாளில் குறியுங்கள். ஸ்மித்துக்கு நாலரை ஆண்டு ஆனது. 1954 டிசம்பர் 2 அன்று செனட் மெக்கார்த்தியைக் கண்டித்தது: ஆதரவு 67, எதிர்ப்பு 22. அந்த 67இல் ஒன்று ஸ்மித்தின் ஓட்டு.