டச்சுக் கலையில் முதியோர் முகங்கள்

பெயரும் செல்வமும் உடையோரையே ஓவியம் போற்றும் என்பது பொதுவான எண்ணம். பதினேழாம் நூற்றாண்டு டச்சுக் கலைஞர்களோ, பெயர் அறியப்படாத முதியோரின் முகங்களையும் கலைப்பொருளாக்கினர். இத்தகைய முகப் படைப்புகளை டச்சு மொழியில் 'ட்ரோனி' என்பர். முகம் என்பதே அச்சொல்லின் பொருளாகும்.

உருவப்படம் என்பது ஒருவர் பொருள் கொடுத்து வரையச் செய்வது. அதில் அவருடைய சாயலும் தகுதியும் விளங்குதல் வேண்டும். ட்ரோனிக்கு அக்கட்டுப்பாடு இல்லை. முதுமை, சிந்தனை, துயரம் முதலிய இயல்புகளைக் காட்டுவதே அதன் நோக்கம். ஆதலின் முகச் சுருக்கங்களை மறைக்க வேண்டிய தேவை கலைஞனுக்கு எழவில்லை.

இம்முகங்களுள் பல 'எட்சிங்' என்னும் முறையில் அமைந்தவை. செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த பூச்சினைத் தடவி, அதில் ஊசியால் கீறுவர். தகட்டை அமிலத்தில் இட்டால் கீறிய கோடுகள் மட்டும் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் படம் இடவலம் மாறிப் பதியும். உளியால் செப்பைச் செதுக்குவதினும் ஊசியால் பூச்சைக் கீறுதல் எளிது. தளர்ந்த தோலின் மடிப்பையும் தாடியின் நுண்மயிரையும் தீட்ட இம்முறை பெரிதும் துணைசெய்தது.

லைடன் நகரில் 1606இல் பிறந்த ரெம்பிராண்ட், 1628இல் மூதாட்டி ஒருவரின் முகத்தை இரு சிறு தகடுகளில் வரைந்தார். உள்ளங்கையில் அடங்கும் அப்படங்களில் நெருங்கிய கோடுகள் நிழலாகின்றன; கோடு படாத தாளின் வெண்மையே ஒளியாகிறது. அவருடைய நண்பரும் அந்நகரினருமான யான் லீவன்ஸும் முதியோர் தலைகள் பலவற்றை இம்முறையில் படைத்தார்.

ரெம்பிராண்ட் 1669இல் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து, அச்சுப்பட வணிகர் ஒருவரின் உடைமைப் பட்டியலில் 'ரெம்பிராண்டின் தாய்' என ஒரு தகடு குறிக்கப்பட்டது. அம்மூதாட்டியை அவருடைய அன்னை என்று கூறும் மரபுக்கு இக்குறிப்பு அடிப்படையாயிற்று. எனினும் தகடுகளில் தம் பெயரெழுத்துகளையும் ஆண்டையும் பொறித்த கலைஞர், மூதாட்டியின் பெயரைப் பொறிக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அவர் அன்னையோ, அயலாரோ, அம்முகத்தில் குறையொன்றும் நேர்வதில்லை. இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர் ஒருவர், முதுமையை இரங்கத்தக்கதாகவோ நகைப்புக்குரியதாகவோ கொள்ளாமல், கூர்ந்து கற்கத்தக்கதாகக் கொண்டார். முதியோரை ஊன்றி நோக்குதலும் ஒரு கல்வியே என்பதை அச்சிறு தகடுகள் இன்றும் உணர்த்துகின்றன.