அனர்த்த காலத்தில் மக்கள் சுகாதாரத்தை அளவிடல்

மாணவர்களே, 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் பாரிய மண்சரிவுகள் ஏற்பட்டன; கம்பளை, பேராதனைப் பகுதிகளில் மகாவலி பெருக்கெடுத்தது. வீடிழந்தோர் முகாம்களில் தங்கினர். முகாம்களில் நெரிசல், அசுத்த நீர், போசாக்கின்மை என்பவற்றால் மேலும் உயிர்கள் இழக்கப்படலாம். அவ்வாபத்தை அறிய உதவும் பிரதான சுட்டி பருமட்டான இறப்பு வீதமாகும்.

சூத்திரம்:
இறப்புகள் ÷ (சனத்தொகை × நாட்கள்) × 10,000

உதாரணம் (கற்பனைத் தரவு, 30 நாட்கள்):
முகாம் அ: 2,000 பேர், 4 இறப்புகள்
4 ÷ (2,000 × 30) × 10,000 = 0.67
முகாம் ஆ: 500 பேர், 3 இறப்புகள்
3 ÷ (500 × 30) × 10,000 = 2.0

விளக்கம்: நாளொன்றுக்கு 10,000 பேருக்கு 1 இறப்பு என்பது பொதுவான அவசரநிலை எல்லையாகும். 5 வயதுக்குட்பட்டோருக்கு இவ்வெல்லை 2 ஆகும். எனவே, இறப்புகள் குறைவாயினும் 'ஆ' முகாமுக்கே முதலில் உதவி தேவை.

கவனிக்க: மண்சரிவில் அன்றே இறந்தோரை முகாம் இறப்புகளுடன் சேர்க்காது தனியாகக் காட்டுக. முகாமிலுள்ளோரின் எண்ணிக்கை பிழைத்தால் வீதமும் பிழைக்கும். உதவியும் இடம்மாறிச் செல்லும்.

பயிற்சி: 800 பேருள்ள முகாமில் 25 நாட்களில் 3 இறப்புகள் பதிவாயின. வீதத்தைக் கணிக்க. இது அவசரநிலையா?
(விடை: 1.5, ஆம்)