டில்லர் சுவாசிக்கும் தூசி

ஒரு லிட்டர் பெட்ரோலை முழுமையாக எரிக்க எவ்வளவு காற்று தேவைப்படும்? ஒரு வாளி அளவா, ஓர் அறை நிறையவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடை அளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் முக்கால் கிலோ. அதற்குத் தேவையான காற்று 11 கிலோ. ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ எடை இருக்கும். ஆக, ஒரு லிட்டர் பெட்ரோல் தீர்வதற்குள் இஞ்சின் 9,000 லிட்டருக்கு மேல் காற்றை இழுத்துவிடுகிறது. 200 லிட்டர் பீப்பாய்களில் அடைத்தால் 45 பீப்பாய் காற்று.

காருக்கு அந்தக் காற்று தார்ச்சாலையின் மேலிருந்து கிடைக்கிறது. தோட்டத்தில் மண்ணைக் கிளறும் டில்லருக்கு அப்படி இல்லை. அதன் கத்திகள் மண்ணைத் தூளாக்கி எறிகின்றன. அதற்கு இரண்டடி மேலே இருக்கும் இஞ்சின் அதே தூசியைத்தான் உள்ளே இழுக்கிறது. தனக்கான பகையைத் தானே கிளப்பிவிட்டு அதையே சுவாசிக்கும் இயந்திரம் இது. பராமரிப்பு என்று நாம் செய்யும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

கேமரன் மலையின் காய்கறிப் படிக்கட்டு நிலங்களிலும், பேராக்கில் ஈயம் எடுத்து முடித்த மணல் நிலங்களிலும், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி கீரை போடுகிறவர்களிடமும் இந்தச் சிறிய டில்லர்களைப் பார்க்கலாம். பெரும்பாலானவற்றில் இருப்பது ஒற்றை சிலிண்டர், நான்கு வீச்சு பெட்ரோல் இஞ்சின். ஹோண்டா ஜிஎக்ஸ்160 இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் கொள்ளளவு 163 சிசி. அதே அமைப்பில் வேறு பெயர்களில் வருபவையும் நிறைய. கீழே சொல்லும் அளவுகள் இந்த வகை இஞ்சினுக்கானவை. உங்கள் இயந்திரத்தோடு வந்த கையேடு வேறு எண்ணைச் சொன்னால் கையேடு சொல்வதையே பின்பற்றுங்கள். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் இரண்டு வீச்சு இஞ்சின்களின் கதை வேறு. அதை இங்கே பேசவில்லை.

மணல் செய்யும் வேலை

ஈயம் எடுத்த நிலத்தின் மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. சாதாரண இரும்பு அதைவிட மென்மையானது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருக்கும் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான் மட்டுமே. நம் தலைமுடி அதைப்போல் பல மடங்கு பருமன். அந்தப் படலத்தைவிடச் சற்றே பெரிய மணல் துகள் ஒன்று உள்ளே போனால் இரண்டு பக்கச் சுவர்களையும் ஒரே நேரத்தில் கீறும். கண்ணுக்குத் தெரியும் பெரிய மணலை வடிகட்டி எளிதாகப் பிடித்துவிடும். ஆபத்து கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசியில்தான் இருக்கிறது.

ஆகவே முதலில் திறக்க வேண்டியது காற்று வடிகட்டியின் மூடியை. பெரும்பாலும் உள்ளே இரண்டு அடுக்கு இருக்கும். வெளியே பஞ்சு போன்ற நுரைப்பகுதி, உள்ளே மடிப்பு மடிப்பாகக் காகிதம். நுரையை வெதுவெதுப்பான சோப்பு நீரில் அலசி, பிழிந்து, நிழலில் நன்றாகக் காய வையுங்கள். காய்ந்த பிறகு சுத்தமான இஞ்சின் எண்ணெயில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து மாட்டுங்கள். அந்த எண்ணெய்ப் பசையில்தான் தூசி ஒட்டிக்கொள்ளும். காகித வடிகட்டிக்கு இதற்கு நேர்மாறு. அதில் நீரும் படக்கூடாது, எண்ணெயும் படக்கூடாது. கெட்டியான தரையில் மெதுவாகத் தட்டினால் போதும். பிரஷ் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அது தூசியை நார்களுக்குள் ஆழமாகத் தள்ளிவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்வதென்றால் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும்.

கையேடுகள் பொதுவாக 50 மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சொல்கின்றன. தூசி மிகுந்த இடத்தில் அடிக்கடி செய்யச் சொல்லி ஒரு சிறு குறிப்பும் இருக்கும். பலர் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. டில்லர் வேலை செய்யும் இடமெல்லாம் தூசி மிகுந்த இடம்தான். காய்ந்த மணலில் உழுதால் ஒவ்வொரு நாள் வேலைக்குப் பிறகும் திறந்து பார்ப்பது என் கணக்கில் அதிகமில்லை.

வடிகட்டியைக் கழற்றியதும் இன்னொன்றையும் செய்யுங்கள். கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் உள்வாயை ஒரு வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் நிறம் ஏறினால் வடிகட்டி கிழிந்திருக்கிறது, அல்லது அதன் விளிம்பு சரியாக உட்காரவில்லை. அதைச் சரிசெய்யாமல் இஞ்சினை இயக்காதீர்கள். 'வடிகட்டி அடைத்துக்கொண்டது, இன்று ஒரு நாள் கழற்றிவிட்டு ஓட்டிக்கொள்வோம்' என்று முடிவெடுப்பவர்கள் அந்த ஒரு நாளில் இஞ்சினின் ஆயுளில் பெரும்பகுதியைச் செலவழித்துவிடுகிறார்கள். சிலிண்டர் தேய்ந்ததை எப்படி அறிவது? இழுகயிறு வழக்கத்தைவிடச் சுலபமாக வரும். கயிறு இலகுவாகிவிட்டதென்று மகிழ வேண்டாம், அழுத்தம் கசிகிறது என்று பொருள். பிறகு நீலப் புகை வரும், எண்ணெய் குறைந்துகொண்டே போகும்.

அரை லிட்டர் எண்ணெய்

நாம் கடையில் 'மிஞ்ஞாக் ஹித்தாம்' என்று கேட்டு வாங்கும் எண்ணெய் புதிதாக இருக்கும்போது தேன் நிறத்தில்தான் இருக்கிறது. இஞ்சினுக்குள் போய்த்தான் கறுப்பாகிறது. காருக்கு ஏறக்குறைய நான்கு லிட்டர் எண்ணெய், அதை அழுத்தித் தள்ள ஒரு பம்ப், அழுக்கைப் பிடிக்க ஒரு ஃபில்ட்டர், குறைந்தால் எரியும் சிவப்பு விளக்கு எல்லாம் உண்டு. இந்தச் சிறிய இஞ்சினில் இருப்பது ஏறக்குறைய 0.6 லிட்டர் எண்ணெய் மட்டுமே. பம்ப் இல்லை, ஃபில்ட்டரும் இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் கரண்டி போன்ற ஒரு சிறு முனை இருக்கிறது. அது ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் முங்கி எழுந்து, உள்ளே எல்லா இடத்திலும் தெளித்துவிடுகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு.

எண்ணெய் மட்டம் ஒரு விரல் அளவு இறங்கினால் அந்தக் கரண்டிக்கு எண்ணெய் எட்டாமல் போகலாம். மலைச்சரிவில் இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நெடுநேரம் ஓடினாலும் இதே நிலைதான். எண்ணெய் ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும், கரண்டி காற்றைத்தான் அள்ளும். சில இஞ்சின்களில் எண்ணெய் குறைந்தால் தானாக நிறுத்தும் மிதவை இருக்கிறது. சமதளத்தில் எண்ணெய் போதுமானதாக இருந்தும் சரிவில் இஞ்சின் திடீரென்று நின்றால் பழுது என்று எண்ணிக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். முதலில் அதைச் சமதளத்துக்குக் கொண்டு வாருங்கள்.

ஒவ்வொரு முறை இயக்கும் முன்பும் சமதரையில் நிறுத்தி, எண்ணெய்க் குச்சியைத் துடைத்துவிட்டு அளவு பாருங்கள். ஜிஎக்ஸ் வகையில் குச்சியைத் திருகி இறுக்காமல், வெறுமனே நுழைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி இன்னும் கீழே இறங்கும், எண்ணெய் அதிகம் இருப்பதுபோல் காட்டும். அளவுக்கு மேல் ஊற்றுவதும் நல்லதல்ல. நுரைத்து, புகைந்து, காற்று வடிகட்டி வரை ஏறிவிடும்.

புதிய இஞ்சினில் முதல் 20 மணி நேரத்தில் எண்ணெய் மாற்ற வேண்டும். புது உலோகங்கள் ஒன்றோடொன்று பழகும்போது உதிரும் துகள்கள் அந்த எண்ணெயில் மிதக்கின்றன. ஃபில்ட்டர் இல்லாததால் அவை வெளியேற வேறு வழியில்லை. அதன் பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். 100 மணி நேரம் என்பது பெரிதாகத் தோன்றலாம். மோட்டார் சைக்கிளில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் 100 மணி நேரம் போனால் 5,000 கிலோமீட்டர். தன் மோட்டார் சைக்கிளுக்கு அதற்குள் எண்ணெய் மாற்றிவிடுகிறவர், கொட்டகையில் கிடக்கும் டில்லருக்கு வாங்கிய நாளிலிருந்து மாற்றியிருக்க மாட்டார். காரணம் எளிது: டில்லரில் கிலோமீட்டர் காட்டும் கருவி இல்லை. ஸ்பார்க் பிளக் கம்பியைச் சுற்றிக் கட்டும் சிறிய மணிமானிகள் கிடைக்கின்றன. இல்லையென்றால் கொட்டகைச் சுவரில் ஒரு நாட்காட்டியும் பென்சிலும் போதும்.

எண்ணெய் மாற்றும்போது இஞ்சின் சற்றுச் சூடாக இருக்கட்டும். அப்போதுதான் அழுக்கு அடியில் படியாமல் எண்ணெயோடு சேர்ந்து இறங்கும். பழைய எண்ணெயை வேலியோரம் ஊற்றுவது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. நாளை அதே மண்ணில் கீரை போடப்போவது நீங்கள்தான். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறைகளில் பழைய மசகு எண்ணெய் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவாகவே வருகிறது. போத்தலில் பிடித்து, பழைய எண்ணெய் சேகரிக்கும் கார் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

ஏங்கி ஏங்கி ஓடும் இஞ்சின்

மூன்று மாதம் சும்மா கிடந்த டில்லர் கிளம்ப மறுத்தால் சந்தேகம் முதலில் பெட்ரோல்மேல் போகட்டும். பெட்ரோல் பல பொருள்களின் கலவை. அவற்றில் எளிதில் ஆவியாகிறவை முதலில் போய்விடும். இஞ்சினைக் கிளப்ப உதவுபவை அவைதான். மீதியிருப்பது காற்றோடு வினைபுரிந்து பிசினாகப் படியும். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போகும் ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கொஞ்சம் பிசின் போதும், அது சுருங்கிவிடும். இஞ்சின் கிளம்பினாலும் வேகம் ஏறி இறங்கி, ஏங்கி ஏங்கி ஓடும். அப்போது சோக்கைப் பாதி மூடிப் பாருங்கள். ஓட்டம் சீரானால் பெட்ரோல் போதாமல்தான் தவிக்கிறது, ஜெட்டைச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் பிறகு எப்போதும் பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும்.

பிளக்கைக் கழற்றினால் அது ஒரு மருத்துவ அறிக்கை மாதிரி. முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரி அப்பியிருந்தால் வடிகட்டி அடைப்பு அல்லது பெட்ரோல் மிகுதி. எண்ணெய் ஈரம் என்றால் வளையங்களைப் பார்க்க வேண்டும். வெளுத்திருந்தால் சூடு அதிகம். இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். திருப்பி மாட்டும்போது முதலில் கையாலேயே திருகுங்கள். இஞ்சின் தலை அலுமினியம், கோணலாக ஏறினால் புரி போய்விடும்.

இஞ்சினைச் சுற்றியிருக்கும் குளிர்விக்கும் தகடுகளில் புல்லும் மண்ணும் அடைத்திருந்தால் அகற்றுங்கள். பெல்ட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இவை இரண்டும் ஐந்து நிமிட வேலை.

கத்தியில் கை வைக்கும் முன்

இஞ்சினை நிறுத்துங்கள், பிளக் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பிறகுதான் கத்தி. இந்த வரிசையை ஒரு நாளும் மாற்றாதீர்கள். இயந்திரத்தைச் சாய்க்க வேண்டியிருந்தால் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, காற்று வடிகட்டி உள்ள பக்கம் மேலே இருக்கும்படி சாய்க்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் அதற்குள் வடிந்துவிடும்.

கத்திகள் எல் எழுத்துபோல வளைந்திருப்பதற்கு ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் கில்காண்ட்ராவில் 1912-இல் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் தம் தந்தையின் பண்ணையில் சுழலும் கத்திகளைக் கொண்டு மண்ணைக் கிளறிப் பார்த்தார். நேரான கத்திகள் மண்ணைப் பக்கவாட்டில் எறிந்தன. எல் வடிவம் அதைத் தடுத்தது. இன்றைய கத்திகளும் அந்த வழியில் வந்தவையே. வலப்பக்கக் கத்தி வேறு, இடப்பக்கக் கத்தி வேறு. சுழலும் திசையில் கூர்முனை முன்னே இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் இயந்திரம் மண்ணில் இறங்காமல் மேலேயே துள்ளும்.

கத்தி தேய்வதைவிடத் தண்டில் சுற்றும் நார்தான் அதிகச் செலவு வைக்கும். புல், ரஃபியா கயிறு, மிளகாய்ப் பாத்தியில் விரித்த பிளாஸ்டிக்கின் கிழிசல் எல்லாம் கத்தித் தண்டில் இறுகச் சுற்றிக்கொண்டு, கியர்ப் பெட்டியின் ஆயில் சீல் வரை நெருங்கும். சுழலும்போது உரசி, சூடாகி, சீலின் உதட்டை அறுக்கும். பிறகு கியர் எண்ணெய் வெளியே கசியும், மணல் உள்ளே போகும். காலையில் டில்லர் நின்ற இடத்தில் எண்ணெய்ச் சொட்டுகள் தெரிந்தால் இதுதான் முதல் சந்தேகம். வேலை முடிந்ததும் கத்தியால் நாரை அறுத்து எடுங்கள். அழுத்த நீரால் மட்டும் கழுவ வேண்டாம், அதுவும் சீலுக்குள் புகும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைப்பதானால், தொட்டியில் உள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் வடிதிருகையும் திறந்து காலி செய்யுங்கள். பிளக் துளை வழியாக ஐந்து முதல் பத்து மில்லிலிட்டர் இஞ்சின் எண்ணெய் விட்டு, கயிற்றை இரண்டு மூன்று முறை மெதுவாக இழுத்தால் அது சிலிண்டர் சுவரெங்கும் பரவும். பிளக்கை மாட்டிய பிறகு கடைசியாக ஒரு முறை கயிற்றை இழுங்கள், கை கனக்கும் இடத்தில் நிறுத்தி, கயிறு தானாகத் திரும்பிப் போக விடுங்கள். அந்த இடத்தில் பிஸ்டன் அழுத்த வீச்சில் இருக்கிறது, இரண்டு வால்வுகளும் மூடியிருக்கின்றன. நம் ஊர் மழைக்காற்றின் ஈரம் சிலிண்டருக்குள் நுழைய வழி இல்லாமல் போகிறது.